மாசி பங்குனிக்கு ஒரு பைனாகுலர்: நிக்கான் ஆக்குலான் 8×42

பொங்கல் முடிந்ததிலிருந்து சித்திரை பிறக்கும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. சென்னையில் பறவை பார்க்க நல்ல காலம் அதுதான். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் அப்போதுதான், பிள்ளைகளுக்குப் பரீட்சையும் அப்போதுதான். இந்த வருடம் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எனக்கு வங்கியில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. அத்தைக்கு வடாம் பிழியும் மாதம், ஆகவே மொட்டை மாடி முழுக்க அவர் ராஜ்ஜியம். இத்தனைக்கும் நடுவில் ஒரு பைனாகுலர் என்ன உபயோகப்படும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். வருடம் முழுக்கக் காடு மேடு சுற்றுகிறவர்கள் எழுதிய மதிப்புரைகள் நிறைய இருக்கின்றன. இது, அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது என்று இருப்பவர்களுக்கு.

பொருள், நிக்கான் ஆக்குலான் ஏ211. அதில் 7×35, 8×42, 10×42 என்று பல அளவு உண்டு. என்னிடம் இருப்பது 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பழைய பாணி போரோ வகை, அதாவது முன்பக்கம் அகலமாகவும் கண் வைக்கும் பக்கம் நெருங்கியும் இருக்கும். பார்க்கக் கொஞ்சம் பட்டாளத்துச் சாமான் மாதிரிதான். ஆனால் ஒரே விலையில் நேர்க்குழாய் வகையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலை குறைந்த பைனாகுலர்களில் பெரும்பாலும் போரோவில்தான் படம் தெளிவாக இருக்கும். நேர்க்குழாய் வகையில் பட்டகங்களை (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டிகளை) நுணுக்கமாகச் செய்ய வேண்டியிருப்பதால் காசு அதிலேயே போய்விடுகிறது. நான் வாங்கியபோது இது பத்தாயிரத்துக்கு உள்ளே கிடைத்தது.

கடையில் கேட்டால் பெரும்பாலும் 10 மடங்கு, 12 மடங்கைத்தான் முதலில் நீட்டுவார்கள். பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று நமக்கும் தோன்றும். ஆனால் படம் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ அத்தனை மடங்கு கை நடுக்கமும் பெரிதாகும், தெரிகிற பரப்பும் குறுகும். இந்த மாடலிலேயே 8×42க்குப் பார்வைக் கோணம் 8 டிகிரி, 10×42க்கு 6 டிகிரிதான். 1000 மீட்டர் தள்ளிப் பார்த்தால் முதலாவதில் சுமார் 140 மீட்டர் அகலம் தெரியும், மற்றதில் 105 மீட்டர். வேப்ப மரத்தில் எங்கோ உட்கார்ந்து ‘டுக் டுக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும் குக்குறுவானைத் தேடிப் பாருங்கள், அந்த 35 மீட்டரின் அருமை புரியும். பழகியவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். குழந்தையும் பெரியவர்களும் வீட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 8 வாங்கலாம்.

என் விஷயத்தில் கை நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியிலிருந்து சனி இரவு என்றால் ஆமை நடைதான். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நடத்திவருவது. நீலாங்கரையில் நள்ளிரவு வாக்கில் கிளம்பி, கரையோரமாகவே பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆமை ஏறிவந்த தடம் தெரிந்தால் முட்டைக்குழியைக் கண்டுபிடித்து, நூறுக்கு மேல் இருக்கும் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். இந்த வேலைக்கும் பைனாகுலருக்கும் சம்பந்தமே இல்லை. கொண்டும் போகாதீர்கள், உப்புக் காற்றும் மணலும் கண்ணாடிக்கு ஆகாது. ஆனால் விடியற்காலை வீட்டுக்கு வந்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை கையில் 10 மடங்கைப் பிடித்தால் கொக்குகூட ஆடும். 8 மடங்கில் அந்தத் தொல்லை குறைவு.

அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வேடந்தாங்கல் எல்லாம் நடக்காது. 80 கிலோமீட்டர் போய்வந்தால் அன்றைய பொழுதே முடிந்துவிடும். மகளுக்குக் கணக்குப் பாடத்தில் உட்கார ஆள் வேண்டும், சின்னவன் ஒன்றாம் வகுப்பு, அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை அம்மா வேண்டும். அதனால் நாங்கள் இருப்பது வேளச்சேரி என்பதே பெரிய பாக்கியமாகப் போய்விட்டது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கைக்கெட்டும் தூரத்தில். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதெல்லாம் காகிதத்தில். நேரில், ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், ஒரு பக்கம் ரேடியல் சாலை லாரி இரைச்சல், நடுவில் தண்ணீர். காலை ஆறரைக்குப் போய் எட்டுக்கு இட்லி மாவு அடுப்பில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.

இந்தப் பைனாகுலரின் உண்மையான திறமையை அங்கேதான் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு நாணல் ஓரமாக ஏதோ நீலமாக அசைவது மட்டும் தெரியும். பைனாகுலரை எடுத்தால் அது நீலத் தாழைக்கோழி. ஒரு தண்டைக் கடித்து ஒடித்தது. அதைக் கால்விரல்களால் இறுக்கிப் பிடித்து, அலகுக்குப் பக்கத்தில் தூக்கி, பட்டையை உரித்து உரித்துத் துப்பிவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் தின்றது. அந்த உரித்த பட்டை தண்ணீரில் விழுவது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்திலேயே இலைக்கோழி ஒன்று, வால் நீளத் தொடங்கி, பின்கழுத்தில் பொன்னிறம் ஏறிக்கொண்டிருந்தது. மாசி மாதத்துக்கே உரிய கோலம் அது. படத்தின் நடுப்பகுதி நல்ல கூர்மை. ஓரங்களில் கொஞ்சம் மங்கும், அது இந்த விலையில் எதிர்பார்க்க வேண்டியதுதான். பறவையை எப்படியும் நடுவுக்குத்தான் கொண்டுவருவோம், எனக்கு அது குறையாகப் படவில்லை.

வெளிச்சம் குறைந்த நேரத்துக்கும் கை கொடுக்கிறது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அது, மில்லிமீட்டரில். 10×42இல் 4.2தான் வரும். அலுவலகம் முடிந்து வந்து, மாடியில் துணி எடுக்கப் போகும்போது எதிர் வீட்டு சன்ஷேடில் புள்ளி ஆந்தை ஜோடி வந்து உட்காரும். பொழுது சாய்ந்த பிறகும் அவற்றின் மஞ்சள் கண் தெரிகிறது என்றால் அந்தக் கூடுதல் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு ஒரு காரணம்.

மாடி என்றதும் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முன் மாடியில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழகத்தில் நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம், பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எங்கும் போக வேண்டாம், மொட்டை மாடியே போதும். எனக்கு இதைவிட வசதியான தன்னார்வ வேலை கிடையாது. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு பட்டியல் முடிந்துவிடும். மகள் புத்தகமும் கையுமாக மேலே வந்து, பதினைந்து நிமிடம் எழுதுகிற வேலையைச் செய்துவிட்டு, மறுபடி புத்தகத்துக்குப் போய்விடுவாள். பரீட்சை நேரத்தில் பிள்ளையை மாடிக்கு இழுக்கிறாளே என்று உறவில் பேச்சு வந்தது, வரட்டும்.

அத்தை முதலில் அந்தப் பக்கமே வரவில்லை. வடாம் காயப்போட்டுவிட்டுக் குடைக் கம்பியோடு காக்கைக்குக் காவல் உட்காருவது அவர் வழக்கம். ஒருநாள் பைனாகுலரை நீட்டினேன். கண்ணில் வைத்தவர், “ஏம்மா, மூணாவது வீட்டுல ஜவ்வரிசி வடாம் போட்டிருக்காங்க பாரு, கல்லு கல்லா நிக்குது, கஞ்சி பதம் வரல” என்றார். அப்புறம்தான் பறவைக்கு வந்தார். இப்போது தென்னை மரத்தில் வல்லூறு வந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது, சூறைக்குருவிக் கூட்டம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கும் அவர்தான் சாட்சி. எழுபது வயதுக் கைகள் இதை ஆடாமல் பிடிக்கின்றன. ஃபோகஸ் சக்கரம் நல்ல பெரிது, விரலைத் தேட விடாது. நடுவில் ஒரே சக்கரம், வலக்கண்ணுக்குத் தனியே ஒரு திருத்தம், அவ்வளவுதான். யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, எதெல்லாம் இதில் கிடையாது? முதலில் எடை. 755 கிராம், கூட வரும் மெல்லிய வாரில் தொங்கவிட்டால் கழுத்துக்குத் தெரியும். முதுகில் குறுக்காகப் போடும் பட்டை ஒன்று தனியாக வாங்கி மாட்டிக்கொண்டால் கனம் தோளுக்குப் போய்விடுகிறது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது கிட்டப் பார்வை. 5 மீட்டருக்கு இந்தப் பக்கம் ஃபோகஸ் ஆகாது. எங்கள் முருங்கையில் தேன்சிட்டு வந்தால் நான் தண்ணீர்த் தொட்டி வரை பின்னால் போய் நின்றுதான் பார்க்கிறேன். பட்டாம்பூச்சி, தும்பி பார்ப்பவர்கள் இதை மறந்துவிடலாம்.

கண்ணாடி அணிபவர்களுக்கும் இது சரிவராது. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே விடக்கூடிய தூரம் 12 மில்லிமீட்டர்தான். என் வீட்டுக்காரர் கண்ணாடியோடு பார்த்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது, கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்து பார்த்துக்கொள்கிறார். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் இது நடக்கும். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் நடக்காது.

சின்னவன் கதை வேறு. இரண்டு குழல்களையும் எவ்வளவு மடக்கினாலும் நடு இடைவெளி 56 மில்லிமீட்டருக்குக் கீழே வராது. ஆறு வயதுப் பிள்ளையின் கண்கள் அதைவிட நெருக்கமாக இருக்கும், அதனால் அவனுக்கு ஒரே வட்டமாகச் சேராது. அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு குழலில் மட்டும் பார்ப்பான், பார்த்து ‘பூநாரை ஒத்தக் கால்ல நிக்குது’ என்று கத்துவான். அவனுக்கு அது போதும். ஆனால் குழந்தைக்காகவே வாங்குகிறவர்கள் 6 மடங்குச் சின்ன பைனாகுலர் ஏதாவது பார்க்கலாம்.

பெரிய விஷயம் தண்ணீர். இது தண்ணீர் புகாத வகை என்று நிறுவனமும் சொல்வதில்லை. உள்ளே ஆவி படியாமலிருக்க நைட்ரஜன் நிரப்பியது கிடையாது. மாசி, பங்குனியில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை ஈரத்துக்கு எந்த லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும், அடைப்பில்லாத லென்ஸுக்கு இன்னும் சீக்கிரம். எங்கள் வீட்டில் இதற்கு இடம் முறுக்கு போட்டுவைக்கும் எவர்சில்வர் டப்பா. அடியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள், நிறம் மாறினால் மாற்றிவிட வேண்டும். பீரோவில் துணிக்கு நடுவே வைக்கவே வைக்காதீர்கள். குளிர்ந்த காரிலிருந்து எடுத்தவுடன் ஆவி படியும், முந்தானையால் துடைக்கக் கை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் தானே மறைந்துவிடும்.

மூக்குக் கண்ணாடிக்காரரும் மழையில் சுற்றுகிறவரும் அதே நிறுவனத்தின் ப்ரோஸ்டாஃப் பி3 8×42ஐப் பார்க்கலாம். நேர்க்குழாய் வகை, தண்ணீர் புகாது, 565 கிராம், 3 மீட்டர் வரை கிட்டத்தில் பார்க்கலாம், கண்ணாடியோடும் முழுப் படமும் தெரியும். பார்வைக் கோணம் மட்டும் 7.2 டிகிரி. விலை கூடுதல்.

எங்கே வாங்கினாலும் ஒரு வேலை செய்யுங்கள். முடிந்தால் கடைக்கு நேரில் போய், வாசலில் நின்று, எதிர்ச் சாரி போர்டில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேருகிறதா, கொஞ்ச நேரம் பார்த்தபின் தலை வலிக்கிறதா என்று கவனியுங்கள். வலித்தால் குழல்கள் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம், அந்த ஒன்றை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். சிவப்பாக மின்னும் லென்ஸ் போட்டு ‘30 மடங்கு ஜூம்’ என்று பெயரில்லாமல் விற்பதை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்தச் சிவப்புப் பூச்சில் பூநாரைகூட நிறம் வெளுத்துத்தான் தெரியும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. எடைக்கு அரை, ஈரத்துக்கு அரை குறைத்திருக்கிறேன். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, தனக்கென்று ஒன்று வேண்டும் என்கிறாள். அவளும் கண்ணாடி போடுகிறவள் என்பதால் அவளுக்கு பி3. ஆக்குலான் அத்தையிடமே இருக்கட்டும், கேட்டாலும் தரமாட்டார்.