கூகுளா, பூட்டிய மேகமா, கோத்தகிரி வீட்டு அலமாரியா?

எங்கள் குடும்பத்தின் படங்களும் காணொளிகளும் சேர்ந்து இன்று ஏறத்தாழ 200 ஜிபி. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக் காகிதங்கள் முதல் மகளின் பள்ளி ஆண்டு விழா வரை எல்லாம் அதில் அடக்கம். இவற்றை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நான்கு விடைகளை நானே பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்: கூகுள் ஃபோட்டோஸ், மாத வாடகைக்கு எடுத்த சர்வர் (எந்நேரமும் இணையத்தில் இயங்கும் கணினி), படங்களைப் பூட்டிய நிலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் என்டே என்ற சேவை, கடைசியாக வீட்டு அலமாரியில், படங்களைச் சேமித்து அடுக்கிக் காட்டும் இம்மிச் மென்பொருள் ஓடும் ஒரு பழைய சிறு கணினி. தனியுரிமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இந்த ஒப்பீடு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நீலகிரியில் ஆனி, ஆடி மாதக் காற்று வீசத் தொடங்கிய பிறகு, படத்தை யார் பார்க்கிறார்கள் என்பதோடு, அந்த நேரத்தில் எது இயங்குகிறது என்பதையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

கூகுள் ஃபோட்டோஸின் வசதியைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவச இடம் நின்று, மெயில், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்றான பின்னும், 'தேயிலை' என்று தட்டினால் தோட்டத்துப் படங்களை வரிசையாக எடுத்துத் தரும் அந்தத் தேடலுக்காகவே பலர் பணம் கட்டுகிறார்கள். அந்தத் தேடல் நடப்பதற்குக் காரணம், படங்களுக்கு இடப்பட்டுள்ள குறியாக்கத்தின் (பிறர் பார்க்க முடியாதபடி போடும் பூட்டின்) சாவி நிறுவனத்திடமே இருப்பதுதான். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, நோயுற்ற தம் குழந்தையை மருத்துவருக்குக் காட்டுவதற்காக எடுத்த படத்தைக் கூகுளின் தானியங்கிச் சோதனை குழந்தைப் பாலியல் குற்றமாகக் கொண்டது. காவல்துறை விசாரித்து அவர் குற்றமற்றவர் என்று முடிவு செய்த பிறகும் அவருடைய கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து என் படங்களைப் புரட்டுவார் என்ற அச்சம் எனக்குப் பெரிதாக இல்லை. மெயில், தொடர்பு எண்கள், படங்கள் ஆகிய எல்லா அறைகளுக்கும் ஒரே பூட்டு என்பதும், அதை நம்மைக் கேட்காமலே இன்னொருவர் மாற்றிவிடலாம் என்பதுமே உறுத்துகின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. காலமான பெரியவர்களின் கணக்கில் படங்களை விட்டு வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

வாடகைச் சர்வரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்வெட்டுக் கவலை இல்லை, வெளியிலிருந்து எளிதில் எட்டலாம், ஆனால் 200 ஜிபி அளவுக்கு வட்டு இடம் கேட்டவுடன் வாடகை ஏறிவிடுகிறது. வட்டு இன்னொருவரின் கட்டடத்தில் இருப்பதால் தனியுரிமையிலும் பெரிய ஆதாயம் இல்லை. இத்தகைய சேவை தருவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு. பராமரிப்பு முழுவதும் நம் தலையில், பொருள் பிறர் வீட்டில் என்ற இந்த ஏற்பாட்டை ஓராண்டில் கைவிட்டேன்.

என்டே என்பது மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள்படும். கேரள எல்லையை ஒட்டிய கூடலூர்ப் பக்கத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. படம் கைபேசியை விட்டுக் கிளம்புமுன்பே பூட்டப்பட்டுவிடுவதால் நிறுவனத்தால் அதைத் திறக்க முடியாது. முகங்களை அடையாளம் காணும் வேலையும் நம் கருவியிலேயே நடக்கிறது. செயலியின் மூலநிரலோடு, 2024 முதல் சர்வரின் மூலநிரலும் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. இதற்குக் கொடுக்கும் விலை, கடவுச்சொல்லும் 24 சொற்கள் கொண்ட மீட்புச் சாவியும் ஒருசேரத் தொலைந்தால் யாரிடமும் போய் முறையிட முடியாது என்பது. கூகுளில் பூட்டை மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சியவர்களுக்கு, இங்கே பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்து தர ஆளே இல்லை.

வீட்டுக் கணினிக்கு வருவோம். முதலில் நான் செய்த தவறு, ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியில் எஸ்டி கார்டை நம்பியது. ஒரு ஜூலை இரவில் மின்சாரம் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை வந்து வந்து போனதில் கார்டின் கோப்பமைப்பு சிதைந்தது. தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்கள் தப்பின. ஆல்பங்களையும் முகங்களுக்கு இட்ட பெயர்களையும் வைத்திருந்த தரவுத்தளம் போய்விட்டது. 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்துக் கீழே அனுப்பத் தொடங்கிய மலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பது வேறு கதை. அதன் பிறகு, 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய சிறு கணினி ஒன்றை வாங்கி, இயங்குதளத்தை எஸ்எஸ்டியில் (சுழலும் பாகமில்லாத வட்டில்) போட்டு, இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்து, மின்சாரம் திரும்பியதும் தானே எழுந்துகொள்ளும்படி பயாஸில், அதாவது கணினியின் தொடக்க அமைப்பில், அமைத்துவிட்டேன். டிஸ்க்கோடு சேர்த்து அது இழுப்பது 12 வாட் அளவு. இரண்டு மாதக் கணக்கில் 17 யூனிட், அதாவது இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. ரவுட்டரையும் ஃபைபர் இணையப் பெட்டியையும் சேர்த்து 25 வாட் என்று கொண்டால், 150 ஆம்பியர்-மணி பேட்டரி, விளக்குகளை அணைத்து வைக்கும் பட்சத்தில், இழப்புகள் போக இரண்டு நாள் வரை தாங்கும்.

ஆனால் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று சாய்ந்தால் மின்கம்பியையும் கம்பத்தில் தொங்கும் ஃபைபரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு விழுகிறது. அப்போது கூகுளும் என்டேயும் எங்கள் வீட்டுக்கு இல்லாமல் போகின்றன. வீட்டுக்குள் வைஃபை வழியாக அலமாரியிலிருந்து எல்லாப் படமும் வருகிறது. கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கோ நிலைமை நேர் எதிர்: அவளுக்கு அந்த இரண்டு நாளும் அலமாரி இருட்டு. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய 2019 ஆகஸ்ட் போன்ற மாதம் மீண்டும் வந்தால், இரண்டு நாள் என்பது இரண்டு நாளாக நிற்காது.

வெளியிலிருந்து வீட்டுக் கணினியை எட்டுவதில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் வெளி இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணையச் சேவையாளர் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறார் என்று பொருள். வெளியிலிருந்து வருவதற்கு ரவுட்டரில் போர்ட் என்னும் வாசலைத் திறந்தும் பயனில்லை. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கணினிகள் வழியாக வீட்டை எட்டவைக்கும் கிளவுட்ஃப்ளேர் டனல் இதற்கு எளிய வழி என்றாலும், அங்கே குறியாக்கம் இடையில் ஒருமுறை அவிழ்க்கப்படுகிறது. இலவசத் திட்டத்தில் ஒரே தவணையாக 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது என்பதால் நீண்ட காணொளிகள் பாதியில் நின்றுபோகும். நம் கருவிகளுக்கிடையே மட்டும் பூட்டிய தனிப் பாதை போடும் டெய்ல்ஸ்கேலில் (இதன் அடிப்படை வயர்கார்ட் என்ற தொழில்நுட்பம்) இந்த இரண்டு குறைகளும் இல்லை. அதற்கு ஈடாக, வீட்டார் ஒவ்வொருவரின் கைபேசியிலும் ஒரு செயலியை ஏற்றி வைக்க வேண்டும். நான் அதையே வைத்திருக்கிறேன்.

இம்மிச் நிலையான பதிப்பு என்று தன்னை அறிவித்துக்கொண்டது 2025 அக்டோபரில்தான். அதற்கு முன் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அறிவிப்பை வரி விடாமல் படிக்க வேண்டியிருந்தது. இன்றும் படித்துவிட்டே பொத்தானை அழுத்துகிறேன். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் இதற்குச் செலவாகிறது. அந்த இரண்டு மணி நேரத்தை விரும்பிக் கொடுக்க முடியாத வீட்டில் சர்வர் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் குடும்பத்துக்கு என்டே போதும், கூகுளில் இருந்துகொண்டு ஆண்டுக்கொரு முறை கூகுளின் டேக்அவுட் என்ற பதிவிறக்க வசதி வழியாக முழுப் பிரதி எடுத்து வைத்தாலும் குற்றமில்லை. மெயில் சேவையை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவராதீர்கள். படம் இரண்டு நாள் தெரியாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம், வராத மெயிலைப் பற்றி நமக்குத் தெரியவே தெரியாது.

என் வீட்டில் இப்போது அலமாரி முதன்மை. அம்மாவின் மருத்துவக் காகிதங்களும் தேர்ந்தெடுத்த படங்களும் என்டேயில். அதன் மீட்புச் சொற்களும் கணினியை நிறுத்தி எழுப்பும் முறையும் மனைவியின் கையெழுத்தில் ஒரு நோட்டில். மொத்தத் தொகுப்பின் பிரதி ஒன்று மலைக்கு வெளியே, மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் இருக்கிறது. இணையத்தில் ஏற்றுவதானால், நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 200 ஜிபிக்கு 44 மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். பேருந்தில் 33 கிலோமீட்டர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குறியாக்கம் செய்த டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு எடுத்துச் சென்று, அங்கிருப்பதை வாங்கி வருகிறேன். கோத்தகிரிக் குளிரில் இருந்த டிஸ்க்கைக் கீழே இறங்கியதும் அந்தப் புழுக்கத்தில் வெளியே எடுத்தால் அதன்மேல் வியர்த்துவிடும். ஆகவே மூன்று மணி நேரம் டப்பாவைத் திறக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் சாப்பாடு முடிந்துவிடும்.