லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையன்ட்: அனுமதிகளை நினைவில் வைப்பதால் கிடைக்கும் வேகம்

முத்தியால்பேட்டையில் இயங்கும் எங்கள் நூல் வடிவமைப்பு அலுவலகத்தின் கோப்புகள் அனைத்தும் கடலூர் மஞ்சக்குப்பம் கிளையில் உள்ள சர்வரில் இருக்கின்றன. இரண்டு ஊர்களையும் இணைப்பது விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் தனிப்பட்ட இணைப்பு) வழியே செல்லும் சாதாரண பிராட்பேண்ட்தான். இத்தகைய அமைப்பில் கோப்பின் அளவைக் காட்டிலும், சர்வரிடம் எத்தனை முறை கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பதே வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வேறொரு கணினியிலுள்ள கோப்புகளை நம் கணினியிலேயே இருப்பதுபோல் நெட்வொர்க் வழியே பயன்படுத்த உதவும் முறை என்எஃப்எஸ். லினக்ஸ் கெர்னலுடனேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரும் அதன் கிளையன்ட், அதாவது சர்வரிடம் கோப்புகளைக் கேட்டுப் பெறும் பகுதி, இந்தக் காத்திருப்பைத் திறம்படக் கையாள்கிறது என்பதே என் மதிப்பீடு.

1995இல் வெளியான என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில்தான் ஒரு பயனருக்கு ஒரு கோப்பில் என்ன அனுமதி உண்டு என்று சர்வரிடம் கேட்கும் ‘ஆக்சஸ்’ என்னும் தனிக் கோரிக்கை சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு, கோப்பின் அனுமதி பிட்களை (யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற குறிப்பு) பார்த்துக் கிளையன்ட் தானாகவே முடிவு செய்ய வேண்டியிருந்தது; சர்வர் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பயனரைச் சாதாரணப் பயனராக மாற்றும் இடங்களில் அந்த முடிவு தவறாகிவிடும். புதிய கோரிக்கை சரியான பதிலைப் பெற்றுத் தந்தது என்றாலும், பதிப்பாளர், நூல், இயல், படங்கள் என்று அடுக்கடுக்காகச் செல்லும் பாதையில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒருமுறை சர்வர்வரை போய்வர வேண்டிய நிலையும் உண்டானது.

லினக்ஸ் கிளையன்ட் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு பயனருக்கும் கிடைத்த பதிலைத் தனித்தனியே சேமித்து வைக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளம் இதே பதிலை இயல்பாக 60 விநாடிக்கு மட்டுமே நம்புகிறது. லினக்ஸோ, பொதுவாகக் கோப்பின் பண்புகள் (உரிமையாளர், அனுமதி, மாற்ற நேரம் போன்றவை) மாறாதவரை பழைய பதிலையே பயன்படுத்துகிறது. எங்கள் வேலைக்கு இந்த இரண்டாவது முறையே பொருத்தமானது, ஏனெனில் ஒரு நூலின் படங்கள் ஃபோல்டரை நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் திறக்கிறோம், அதன் அனுமதியையோ யாரும் மாற்றுவதில்லை. காலையில் முதல்முறை திறக்கும்போது சுணங்கும் ஃபோல்டர் அடுத்தமுறை சட்டென்று திறக்கிறது. கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டும் ‘என்எஃப்எஸ்ஸ்டாட்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், அந்த இரண்டாம் முறையில் ஆக்சஸ் என்ற எண் ஏறக்குறைய அசையாமல் நிற்பதைக் காணலாம்.

பாதுகாப்பு குறித்து ஐயம் எழுவது இயல்பு. படிக்கவும் எழுதவும் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் தனியே சரிபார்ப்பதால், கிளையன்ட் வைத்திருக்கும் பழைய ‘சரி’ சர்வரில் எந்தக் கதவையும் திறந்துவிடாது. ஆயினும், கணினியின் நினைவகத்தில் முன்பே வந்து தங்கிய தரவுக்கு இந்த உறுதி பொருந்தாது.

உண்மையான குறை குழுக்களில் இருக்கிறது. மெய்ப்புத் திருத்தும் குழுவில் ஒருவரைச் சர்வரில் புதிதாகச் சேர்த்தாலும், ஃபோல்டரின் பண்புகள் அதனால் மாறுவதில்லை. ஆகவே முன்பு கிடைத்த ‘அனுமதி இல்லை’ என்ற பதிலே தொடரக்கூடும். அந்த ஃபோல்டருக்கு ஏற்கெனவே உள்ள அனுமதியையே சர்வரில் மறுபடியும் ‘சிஎச்மோட்’ (அனுமதியை அமைக்கும் கட்டளை) கொடுத்து அமைத்தால், மாற்ற நேரம் புதுப்பிக்கப்பட்டுப் பழைய பதில் நீங்கும்.

இதற்காக பண்புகளைச் சேமிக்க விடாத ‘நோஏசி’ விருப்பத்துடன் சர்வர் ஃபோல்டரை மவுண்ட் செய்ய (கணினியுடன் இணைக்க) வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். அது பண்புகளை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்க வைப்பதோடு, எழுதும் ஒவ்வொன்றும் சர்வரைச் சென்றடையும்வரை மென்பொருளைக் காத்திருக்கச் செய்கிறது. கோப்புகளுக்கு 3 முதல் 60 விநாடி, ஃபோல்டர்களுக்கு 30 முதல் 60 விநாடி என்ற இயல்பான பண்புச் சேமிப்பு வரம்புகளே எங்களைப் போன்ற அலுவலகங்களுக்குப் போதுமானவை.