சம்யாங் 14 மி.மீ. லென்ஸ்: இரவு வானில் எவ்வளவு கூர்மை?

லென்ஸின் கூர்மையைச் சுவரையோ செய்தித்தாளையோ படமெடுத்துச் சோதிப்பவர்கள் பலர்; ஆனால் வெறும் புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீனைப் போல அதன் குறையைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. தானியங்கி ஃபோகஸ் இல்லாத சம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை முழு ஃபிரேம் கேமராவில் பொருத்தி, ஜவ்வாது மலையில் நிலவில்லா இரவொன்றில் சோதித்தேன். கேமராத் திரையில் நேரடிக் காட்சி தரும் லைவ் வியூவில் சிரியஸ் விண்மீனைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும்வரை ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினேன்; வளையத்தில் பொறித்த முடிவிலிக் குறியை எந்த லென்ஸிலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிறகு அதே விண்மீனை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, பூமியின் சுழற்சியால் கோடு விழாதபடி 10 நொடிப் படங்கள் எடுத்தேன்.

லென்ஸின் துளை முழுதும் திறந்திருக்கும் எஃப்/2.8-இலேயே, மூலை விண்மீன்களைச் சிறகு விரித்தாற்போல் இழுக்கும் கோமா என்னும் குறை வியக்கத்தக்க அளவு குறைவு. துளையைச் சுருக்கினால், எஃப்/4-இல் இன்னும் சற்றுத் தெளிவு கூடுகிறது என்றாலும் ஒளி பாதியாகிவிடுவதால், பால்வெளிக்கு நான் எஃப்/2.8-ஐயே வைத்துக்கொள்வேன். மூலைகள் இருள்வது உண்மைதான். அதை மென்பொருளில் சரிசெய்துவிடலாம். அடிவானம் அலைபோல் வளைவதுதான், நிலக்காட்சியையும் சேர்த்து எடுப்பவர்களுக்குத் தொல்லை. வாங்குபவர்கள் நான்கு மூலைகளையும் அவசியம் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளிருக்கும் கண்ணாடி வில்லை இடம் விலகியிருக்கக்கூடும், திருப்பித் தரும் கெடு முடியுமுன் மாற்றிவிடுங்கள்.