மொட்டை மாடி ஒழுகினால்: சுருக்கியா, வெள்ளை டைல்ஸா, பெயிண்டா, ஷெட்டா?

தாம்பரம், மேடவாக்கம், ஆவடிப் பக்கம் இருபது இருபத்தைந்து வருடப் பழைய தனி வீடு வாங்குகிறவர்கள் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் வக்கீலை வைத்து அலசிவிடுவார்கள். மொட்டை மாடிக்கு மட்டும் ஏறி, "நல்லா காத்து வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஐப்பசி அடைமழையில்தான் மேல்தளப் படுக்கையறை சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும். நாங்கள் வாங்கியதும் அந்த ரக வீடுதான். விசாரித்த இடத்திலெல்லாம் நான்கு வழி சொன்னார்கள்: பழைய சுருக்கியை (கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிப் போடும் அடுக்கு) பெயர்த்துவிட்டுப் புதிதாகச் சுருக்கி போட்டு அதன் மேல் தட்டோடு (சுட்ட மண் தட்டை ஓடு) பதிப்பது, இருக்கிற தளத்தின் மேலேயே வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ், வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட், மாடி முழுக்கத் தகர ஷெட். நான் சுருக்கிக்குப் போனேன். அதனால் கீழே வருவது நடுநிலையான தீர்ப்பு அல்ல, காரணங்கள் மட்டும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயிண்ட் மலிவு, ஷெட்டுக்குச் செலவு அதிகம், டைல்ஸும் சுருக்கியும் நடுவில். பழசை உடைக்கிற கூலியும் குப்பை அள்ளுகிற லோடு வண்டி வாடகையும் சேர்ந்தால் சுருக்கி டைல்ஸைத் தாண்டிவிடும். வேகத்தில் பெயிண்ட் முதல், சுருக்கி கடைசி. இதெல்லாம் நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கினாலே தெரிந்துவிடும். கொட்டேஷனில் பெரும்பாலும் வராத விஷயம் ஒன்று இருக்கிறது: வாட்டம். மழைத்தண்ணீர் வடிகுழாயின் வாயை நோக்கி ஓடும்படி தளம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். மேலே எதைப் போடுவது என்பது அப்புறம்.

கணக்கு எளிது. குறைந்தபட்சம் நூற்றுக்கு ஒன்று, அதாவது 10 அடி நீளத்துக்கு ஒண்ணேகால் அங்குலம் இறக்கம். நல்ல மேஸ்திரி அறுபதுக்கு ஒன்று, 10 அடிக்கு 2 அங்குலம் கொடுப்பார். பழைய மாடிகளில் இது கெட்டுப்போயிருக்கும். கான்கிரீட் தளம் நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். வாட்டர் டேங்க் பீடத்தைச் சுற்றி யாரோ சிமெண்ட் பூசி மேடாக்கியிருப்பார்கள். குழாய் வாயில் ஒழுகுகிறது என்று அங்கே இரண்டு முறை பூசி, வாயே தளத்தைவிட உயரமாகியிருக்கும்.

பார்ப்பதற்கு இன்ஜினியர் தேவையில்லை. நல்ல மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கையில் ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். இரண்டு மூன்று சின்ன வட்டம் என்றால் சமாளிக்கலாம். கால்வாசி மாடி கோட்டுக்குள் வந்துவிட்டால் பிரச்சினை மேற்பூச்சில் இல்லை. வீடு பார்க்கப் போவது கோடையில் என்றாலும் தடயம் இருக்கும்: தேங்கிய இடத்தின் ஓரத்தில் பாசி காய்ந்து கறுப்பு வளையமாகப் படிந்திருக்கும், நடுவில் மெல்லிய வண்டல் காய்ந்து வெடித்துச் சுருண்டிருக்கும். எங்கள் வீட்டில் டேங்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே அப்படி ஒரு வளையம். கீழே சீலிங்கில் மஞ்சள் வட்டம் இருந்ததும் ஏறக்குறைய அதற்கு நேர் கீழேதான். எப்போதும் இப்படி நேராக அமையாது. சுருக்கிக்குள் இறங்கிய தண்ணீர் உள்ளேயே ஓடி, பத்தடி தள்ளி ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டுவதும் உண்டு.

இப்போது பெயிண்டைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் அடிப்பது அக்ரிலிக் வகை. அது தளத்தின் மேடு பள்ளத்தை அப்படியே பின்பற்றுகிற ஒரு தோல்தான், பள்ளத்தை நிரப்பாது. தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் அக்ரிலிக் படலம் இளகும், கொப்புளம் விடும், பிறகு தோல் தோலாக உரியும். பல தயாரிப்புகளின் விவரத் தாளிலேயே தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஏற்றதல்ல என்று போட்டிருக்கும். கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டமாட்டார். பாலியூரித்தேன் வகை தேங்கலைக் கொஞ்சம் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். இன்னொன்று, பழைய சுருக்கி உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும்போது மேலே பெயிண்டால் மூடினால், சித்திரை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிக் கீழிருந்து படலத்தைத் தள்ளும். அடித்து ஒரு கோடை தாண்டுவதற்குள் மாடி முழுக்க அப்பளம் மாதிரி பொரிந்து நிற்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பெயிண்டை நான் முழுசாக ஒதுக்கவில்லை. வாட்டம் நன்றாக இருந்து, தட்டோட்டு இணைப்புகளிலும் சுவரோரத்திலும் மட்டும் முடி அளவு விரிசல் இருந்தால் அதுவே போதும். விரிசலில் ஃபைபர் வலை ஒட்டி, பிரைமர் ஒரு கோட், மேலே இரண்டு கோட். சில வருடத்துக்கு ஒரு முறை திரும்ப அடிக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்படித் திரும்ப அடிக்கும்போது பழைய படலத்தைச் சுரண்டி எடுப்பதுதான் பெரிய வேலை. அந்தக் கூலியை முதல் கொட்டேஷனில் யாரும் காட்டுவதில்லை.

வெள்ளை டைல்ஸின் பலம் வெயில். அதில் சந்தேகமே இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்புவதில் செங்காவித் தட்டோடு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மே மாத மத்தியானத்தில் செருப்பில்லாமல் இரண்டிலும் நின்று பார்த்தால் புரியும். ஒழுகல் இல்லாமல் சூடு மட்டும்தான் தொல்லை என்றால் நானும் டைல்ஸைத்தான் சொல்லுவேன். ஆனால் இருக்கிற தளத்தின் மேல் மெல்லிய கலவையில் பதிக்கும்போது வாட்டத்தை மாற்ற இடமில்லை. மாற்றுகிறேன் என்று கலவையைத் தடிமனாக்கினால் பாரம் ஏறும். அப்புறம் இணைப்புகள். 800 சதுர அடி மாடியில் ஓரடி டைல்ஸ் பதித்தால் இணைப்புக் கோடுகளை மட்டும் நீட்டிப் போட்டால் சுமார் 1,600 அடி வரும். வெயிலில் காய்ந்து திடீர் மழையில் குளிர்கிற தளத்தில் அவ்வளவு நீளமும் விரிசல் விடாமல் இருக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் தட்டோட்டில் இது இன்னும் அதிகம்: ஒன்பது அங்குல ஓடு என்பதால் 2,100 அடியைத் தாண்டும். வித்தியாசம் கீழே இருப்பதில்தான். தட்டோட்டுக்குக் கீழே வாட்டத்தோடு மூன்று அங்குலச் சுண்ணாம்புக் கலவை இருக்கிறது; டைல்ஸுக்குக் கீழே நீங்கள் சரிசெய்யாமல் விட்ட அதே பழைய பள்ளம் இருக்கிறது. டைல்ஸ்தான் என்று முடிவெடுத்தால் வழுவழுப்பானதை வாங்காதீர்கள். மழையில் துணி எடுக்க ஓடுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்.

ஷெட்டைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, அக்கம்பக்கத்தில் பார்த்ததுதான். நிழலும் இடையில் காற்றோட்டமும் இருப்பதால் கீழ் அறை நன்றாகவே குளிர்கிறது என்கிறார்கள், நம்பக்கூடியதுதான். சாரல் பக்கவாட்டில் அடித்து மாடி நனையும் என்பதால் ஒழுகல் குறையுமே தவிர, நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்தபோது சென்னையில் இருந்தவர்களுக்குத் தகரம் பறப்பது என்றால் என்னவென்று தெரியும். விற்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு: வாங்குபவர் வங்கிக் கடன் போட்டால், மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தையும் கட்டிடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத கூரைக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, சுருக்கி. முதல் சண்டையே உடைப்பதில்தான் ஆரம்பிக்கும். "எதுக்கு சார் உடைக்கிறீங்க, மேலேயே இன்னொரு வரிசை போட்டுடலாம்" என்றார் முதலில் வந்த மேஸ்திரி. செலவு குறையும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை சதுர அடிக்குப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. 800 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட பத்து டன். தட்டோடும் அதன் கலவையும் தனி. மாடியில் ஆட்கள் நடமாடுவதற்கு என்று கட்டிட விதியில் ஒதுக்குகிற பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். மேலே இன்னொரு அடுக்கு போட்டால் அந்த ஒதுக்கீடு மொத்தத்தையும் அதுவே விழுங்கிவிடும். தவிர, உயரமும் ஏறும். மாடிப்படிக்கு மேலே உள்ள ஹெட்ரூம் கதவின் வாசற்படி புதுத் தளத்தைவிடத் தாழ்ந்துபோனால், அடுத்த மழைக்கு மாடிப்படி வழியாக வீட்டுக்குள் அருவிதான்.

பெயர்த்து எடுப்பதில் இன்னொரு லாபம், கான்கிரீட் தளத்தின் முகம் தெரியும். பெரிய டிரில் வைத்து அதிர அடிக்க விடாதீர்கள். உளி சுத்தியலில் மெதுவாகப் போகட்டும். தளம் தெரிந்ததும் கூட்டிக் கழுவி, விரிசல்களை அடைத்து, சிமெண்ட் பாலில் வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசிக் காய்ந்த பிறகு, குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி முழுசாக இரண்டு நாள் விடவும். கீழே ஈரம் தெரிகிறதா என்று இந்த நிலையில் பார்த்தால்தான் உண்டு. ஓடு பதித்த பிறகு கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு. கீழே சீலிங்கில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். மேலே எதைப் போட்டாலும் துருப்பிடித்த கம்பி ஆறாது.

ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லை முக்கால் அங்குலத்துக்கு உடைத்ததாக இருக்கட்டும். இடித்த வீட்டுச் செங்கல், பழைய பூச்சு ஒட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பவும். பொதுப்பணித் துறைக் கணக்கு ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு; மணல் கிடையாது, சிமெண்ட் கிடையாது. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைப் போட்டு ஒரே நாளில் முடித்துவிட்டு அதையும் சுருக்கி என்றே சொல்கிறார்கள். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் தளத்தோடு சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சிமெண்ட் வெடிக்கும். கொட்டேஷனில் 'சுண்ணாம்பு' என்று எழுதி வாங்குங்கள். கலவையை விரித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். அதற்குத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இதுதான் சுருக்கியின் நிஜமான பலவீனம், எனக்கும் தேடித்தான் கிடைத்தது. தட்டும் நாட்களில் தண்ணீர் நிரப்பிய ட்யூப் மட்டம் வைத்து வாட்டத்தைப் பாருங்கள். ஓடு பதித்த பிறகு மாற்ற முடியாது. தட்டோட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவையில் வாட்டர்ப்ரூஃப் சேர்த்துப் பதித்து, அதே கலவையில் காவி சேர்த்து இணைப்புகளை அடைப்பார்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் சதுரமாக விடாமல் உருண்டையாகப் பூசச் சொல்லவும். ஒழுகலில் பாதி அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும்.

பராமரிப்பில் சுருக்கி எனக்குப் பிடித்திருக்கிறது. புரட்டாசியில் ஒரு காலை வேளை இணைப்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, விட்டுப்போன இடத்தில் நானே கலவை வைத்து அடைத்துவிடுகிறேன். ஒரு ஓடு உடைந்தால் ஒரு ஓட்டை மட்டும் மாற்றலாம். இருபது வருடம் நிற்கும் என்கிறார்கள். எங்கள் மாடி பார்த்தது சில மழைக்காலங்கள்தான், அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல முடியாது. சூட்டிலும் அது சுமார்தான். பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மாசிக் கடைசியில் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து தட்டோட்டின் மேல் வெள்ளையடித்துவிட்டால் அந்தக் கோடைக்குப் பரவாயில்லை, மழையில் போய்விடும்.

எதைப் போட்டாலும் வேலை பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்துச் சித்திரைக்குள் முடியட்டும். சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் தெருவுக்கு நாலு வீட்டில் பேனல் ஏறுகிறது; ஏறுகிறவர்கள் சுருக்கியைத் துளைத்துப் போல்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். தளத்தைத் துளைக்காமல், மேலே கான்கிரீட் பீடம் வைத்து அதில் ஸ்டாண்டை நிறுத்தச் சொல்லலாம். காற்றுக்கு ஈடுகொடுக்கும் எடையில் பீடம் இருக்க வேண்டும் என்பதால் பாரத்தை இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பீடங்கள் மழைத்தண்ணீர் ஓடும் பாதைக்குக் குறுக்கே வராமல் பார்த்து, ஒயர் இறங்கும் பைப்பைக் கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கமாக விடச் சொல்லவும்.