ரிப்பேர் அனுமதியைக் காட்டி என்னை ஏமாற்றிய கதை: குன்னூர்க்காரர்கள் கவனத்திற்கு

குன்னூரில் பழைய ஓட்டு வீட்டை ஒட்டி ஓர் அறையும் கழிப்பறையும் கட்டப் போய் 1,75,000 ரூபாயை இழந்துவிட்டு, நகராட்சி நோட்டீசோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏமாந்ததை ஊருக்குச் சொல்வதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. ஆனால் அனுமதி வாங்கிக் கட்டித் தருவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய ‘இன்ஜினியர்’ இன்னும் இரண்டு இடங்களில் வேலை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் கழிப்பறை பதினாறு படிகளுக்குக் கீழே. மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் அவரை இறக்கி ஏற்றுவது பெரும்பாடு. எங்கள் அவசரம் அந்த ‘இன்ஜினியருக்கு’ முதல் நாளே புரிந்துவிட்டது. டேப்பைப் பிடித்து அளந்தார், அம்மா போட்டுத் தந்த டீயைக் குடித்தார், “நீங்கள் ஆபீஸ் பக்கமே வர வேண்டாம் சார், எல்லாம் என் பொறுப்பு” என்றார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். மலையில் கட்டட அனுமதி வாங்குவது சமவெளியைப் போல அல்ல. இடத்தைப் பொறுத்து வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் நம்மவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். நானும் இரண்டு தவணையாகக் கொடுத்தேன், ரசீது இல்லாமல்.

ஐந்தாவது வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்தார். முத்திரை, கோப்பு எண், கையெழுத்து எல்லாம் இருந்தன. எல்லாமே அசல். ஆனால் அது பழுதுபார்ப்பு அனுமதி. ஓடு மாற்றலாம், சுவர் பூசலாம். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. கேட்டபோது, “இங்கே எல்லோருக்கும் இப்படித்தான் சார் தருவார்கள்” என்றார். நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சின்னப் பொக்லைன் வந்து பின்பக்க மேட்டை வெட்டியது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி இங்கே பொக்லைன் ஓட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்ததும் தெரியும். தெரிந்தும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன். விடிந்து பார்த்தால் பத்தடி உயரத்துக்குச் செம்மண் பச்சைப் புண் போல நின்றது. அதை ஒட்டி இன்ஜினியர் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பினார். தண்ணீர் வடிய ஒரு துளைகூட விடவில்லை. கல் இடுக்கிலேயே வடிந்துவிடும் என்றார். ஐப்பசி மழை தொடங்கிய நான்காம் நாள், சுவரின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

அறைச் சுவர் லின்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னல்களின் மேல்விளிம்பு வரை, வந்தபோது நகரமைப்பு ஆய்வாளர் வந்தார். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ்: வேலையை நிறுத்து, அனுமதியில்லாததை அகற்று. இன்ஜினியரின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. வீட்டு வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். வரி வசூலித்தால் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது என்று பொறுமையாகவே சொன்னார்கள்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என் பெயரில் உள்ள கோப்பின் நகலைக் கேட்டேன். வந்தது. ‘ஓடு மாற்றுதல், தரை செப்பனிடுதல்’ என்ற விண்ணப்பத்தின் அடியில் என் கையெழுத்து. நான் போட்டதல்ல. அந்த நகலை வைத்துத்தான் போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்.

கையில் தாள் வந்தவுடன் எந்த வேலைக்கான அனுமதி என்று படியுங்கள். முத்திரையிட்ட வரைபடம் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். வரைந்தவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கோப்பு எண்ணோடு நீங்களே நகரமைப்புப் பிரிவுக்குப் போய் விசாரிக்க ஒரு காலைப்பொழுது போதும். நான் அதைச் செய்யவில்லை. மலையில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம். போன வாரம் என் வீட்டுக்கு எடுத்துப் பார்த்தேன், நோட்டீஸ் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

அறையை இடித்துவிடலாம். சுவரை என்ன செய்வது? எடுத்தால் மேல்வீட்டுக் கேரட் தோட்டம் என் சமையலறைக்குள் வந்துவிடும். விட்டால் விரிசல் வளர்கிறது. ராத்திரி மழை வலுத்தால் மேல்வீட்டு அக்கா டார்ச் அடித்துக் கேட்கிறார்: “தம்பி, சுவர் நிற்கிறதா?”