ஜோகன்னஸ்பர்க்கா, கேப் டவுனா? நிறவெறி வரலாற்றைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள் இருந்தால்

தென்னாப்பிரிக்கா போகிறவர்களுக்கு இந்த வரலாற்றுக்கென்று பெரும்பாலும் ஒரு நாள்தான் மிஞ்சும். மற்ற நாட்களைக் குரூகர் காடும் டேபிள் மலையும் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நாளுக்கு என் வாக்கு ஜோகன்னஸ்பர்க்குக்கு. கேப் டவுன் அழகான ஊர், நடந்து பார்க்கத் தோதான ஊர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் நிறவெறியை, அதாவது ‘அபார்ட்ஹெய்ட்’ என்ற இனப்பிரிவினை ஆட்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டியது தூரத்தை.

‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைகளை ஒரே நாளில் கழற்றிவிடலாம். 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் ஊருக்குள் போட்ட கோடுகளை அப்படிக் கழற்ற முடியவில்லை. யார் எந்த இனமோ அவர்களுக்கு ஒரு பகுதி. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே ரயில் பாதை, நெடுஞ்சாலை, வெற்று நிலம். அந்த இடைவெளியைக் கடக்காத சுற்றுலா, பாதி வரலாற்றைத்தான் காட்டும்.

கேப் டவுனில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது நகர மையத்தில் ஒன்றரை மணி நேர நடை. கட்டணம் இல்லை, முடிவில் வழிகாட்டிக்கு அன்பளிப்பு தருவது வழக்கம். குயின் விக்டோரியா தெருவில், ஒரு காலத்தில் இன வகைப்பாட்டு வழக்குகளை விசாரித்த கட்டடத்தின் வாசலில், ‘வெள்ளையருக்கு’, ‘வெள்ளையர் அல்லாதோருக்கு’ என்று எழுதிய இரண்டு பெஞ்சுகள் கிடக்கின்றன. அவை பிற்காலத்தில் வைத்த நினைவுச் சின்னங்கள். பழைய பெஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம்.

இரண்டாவது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, அங்கிருந்து 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். வீடுகளை இடித்தவர்கள் தேவாலயங்களையும் மசூதிகளையும் மட்டும் விட்டுவைத்தார்கள். பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தின் தரை முழுக்க அந்தப் பகுதியின் வரைபடம் விரித்திருக்கிறது. திரும்பி வந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர் ஒருவரே சுற்றிக் காட்டும் நேரம் கிடைத்தால் விடாதீர்கள். ஞாயிறு விடுமுறை.

மூன்றாவது ராபன் தீவு. மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம். சிறைக்குள் வழிகாட்டுவது முன்னாள் அரசியல் கைதி. அங்கே ஓர் உணவுப் பட்டியல் இருக்கிறது, அதன் முன் கொஞ்சம் நில்லுங்கள். கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் நாளொன்றுக்கு இறைச்சி 6 அவுன்ஸ், கறுப்பினத்தவருக்கு 5. சர்க்கரை அவர்களுக்கு 2, இவர்களுக்கு ஒன்றரை. ஜாம் அவர்களுக்கு 1, இவர்களுக்குக் கிடையாது. ஒரே குற்றம், ஒரே தண்டனை, தட்டு மட்டும் வேறு.

சிக்கல் படகில் இருக்கிறது. போய்வர மூன்றரை முதல் நான்கு மணி நேரம். காற்றோ அலையோ கூடினால் பயணம் ரத்து. டிசம்பர், ஜனவரியில் பல நாள் முன்பே சீட்டு தீர்ந்துவிடும். கையில் ஒரே நாள் வைத்திருப்பவர் அதைக் கடல் காற்றை நம்பி ஒப்படைக்கலாமா என்பதுதான் என் தயக்கம். படகு ஓடினாலும், திரும்பி வந்து இறங்குவது கடற்கரைக் கடைவீதியில். வெளியேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த கேப் ஃபிளாட்ஸ் கண்ணில் படாமலே நாள் முடிந்துவிடும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் தொடங்கி லங்கா டவுன்ஷிப் (கறுப்பினத்தவருக்கென்று ஊருக்கு வெளியே ஒதுக்கிய குடியிருப்பு) வரை போகும் அரைநாள் சுற்று இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். ஆனால் லங்கா சுற்றுகளின் தரம் ஆளுக்கு ஆள் மாறுவதால், அதை அடித்துப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அந்த ஊரின் பாடம். சொவேட்டோ என்ற பெயரே ‘தென்மேற்கு டவுன்ஷிப்புகள்’ என்பதன் சுருக்கம். வெள்ளையர் நகரத்தில் நின்றுகொண்டு கைநீட்டிக் காட்டிய திசை, ஊர்ப்பெயராகிவிட்டது. நடுவில் தங்கச் சுரங்கங்கள் கொட்டிய மஞ்சள் மண்மேடுகள். அவற்றைத் தாண்டித்தான் வண்டி போகும்.

நல்ல வழிகாட்டி அடையாளம் காட்டும் வரிசை ஒன்று உண்டு: முதலில் பிடுங்கிய இடம், பிறகு கொண்டுபோய்ப் போட்ட இடம். சோஃபியாடவுனை 1955 பிப்ரவரி 9 அன்று 2,000 போலீசார் சூழ்ந்து, குடும்பங்களை லாரியில் ஏற்றி சொவேட்டோவின் மெடோலேண்ட்ஸில் இறக்கினார்கள். இடித்த இடத்துக்கு ‘ட்ரியோம்ஃப்’, அதாவது ‘வெற்றி’ என்று பெயர் வைத்தார்கள். பழைய பெயர் 2006-இல்தான் திரும்பியது. சோஃபியாடவுனிலிருந்து நேராக மெடோலேண்ட்ஸுக்கு வண்டியை விடச் சொல்லுங்கள். அந்தப் பயண நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். வேலைக்குப் போனவர்கள் அதைத் தினமும் இருமுறை கடந்தார்கள். இந்தியருக்கும் இதே கதைதான்: ஃபீட்டாஸ் என்ற பகுதியின் 14-ஆம் தெருக் கடைக்காரர்களை 1970-களில் காலிசெய்து ஓரியண்டல் பிளாசாவுக்குள் அடைத்தார்கள், குடியிருப்பை நகரிலிருந்து 30 கி.மீ. அளவு தள்ளி லெனேஷியாவுக்குத் துரத்தினார்கள்.

நடக்க வேண்டிய இடம் கான்ஸ்டிடியூஷன் ஹில். வெள்ளையருக்குக் கோட்டைச் சிறை, கறுப்பின ஆண்களுக்கு ‘நம்பர் ஃபோர்’. காந்தி அடைபட்டிருந்த வளாகம் இது. விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்து, அதே செங்கல்லை எடுத்து அரசியலமைப்பு நீதிமன்றத்தின் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் காரை பூசாத அந்தக் கற்களைத் தொட்டே பார்க்கலாம். வாசல் கதவில் 27 உரிமைகளை 11 மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பக்கத்திலேயே பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டம். தில்லையாடி வள்ளியம்மை உறங்குவது அங்கே. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1913 சத்தியாகிரகத்தில் மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தவர். 1909-இல் சத்தியாகிரகியாக உயிர்விட்ட நாகப்பன் படையாச்சியின் நினைவுக்கல்லும் அதே தோட்டத்தில். வழக்கமான சுற்றுகளில் இது இருக்காது. பதிவு செய்யும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழர் ஒருவர் அந்த ஊருக்குப் போய் இதைப் பார்க்காமல் வருவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம்.

சொவேட்டோ சுற்றில் எது கெடும்? விலாகாசி தெருவில் மண்டேலா வீட்டு வாசலில் ஒரு படம், சாப்பாடு, கிளம்பு என்று முடிந்துவிடும். 1976 ஜூன் 16 மாணவர் போராட்டத்தில் போலீசாரால் சுடப்பட்ட 12 வயது ஹெக்டர் பீட்டர்சனின் நினைவகம் நடக்கும் தொலைவில்தான். அங்கே குறைந்தது ஒரு மணி நேரம் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். கேட்க வேண்டியவை இன்னும் சில: நுழைவுக் கட்டணம் சேர்த்தா? வண்டியை விட்டு இறங்கி எத்தனை நிமிடம் நடை? வழிகாட்டிக்கு அரசுப் பதிவு அட்டை உண்டா? சட்டப்படி அது கட்டாயம். அனுமதி கேட்காமல் வீட்டு வாசல்களில் கேமராவைத் தூக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பாப் என்ற மக்காச்சோளக் களியும் சக்கலக்கா என்ற காரக் காய்கறித் தொக்கும் கேட்கலாம்.

அடுத்த பிழை, அபார்ட்ஹெய்ட் அருங்காட்சியகத்தை மாலைக்குத் தள்ளுவது. சீட்டிலேயே ‘வெள்ளையர்’, ‘வெள்ளையர் அல்லாதோர்’ என்று பிரித்து வேறு வேறு வாசலில் அனுப்பும் இடம். கூட வந்தவர் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் போவதைப் பார்த்தபடி நடப்பீர்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் பின்பாதியை ஓடித்தான் கடக்க வேண்டும். திங்களன்று திறப்பதில்லை. காலையில் அங்கே போய், சொவேட்டோவைப் பிற்பகலுக்கு வையுங்கள். கான்ஸ்டிடியூஷன் ஹில்லும் கல்லறைத் தோட்டமும் ஒன்றோடொன்று சேர்த்து மறுநாள் காலைக்கு முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அருங்காட்சியகத்தை விடலாம், கான்ஸ்டிடியூஷன் ஹில்லை விடக்கூடாது.

திரும்பும்போது வண்டியின் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். அந்த நாட்டிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், எதிரே வருகிறவை வலப்பக்கம் தெரியும். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் வடக்கே விடுதிக்குப் போகையில், எதிர்ச்சாரியில் நிரம்பி வழியும் வெள்ளை மினிபஸ்கள் வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு சொவேட்டோவுக்குப் போய்க்கொண்டிருக்கும்.