ஒரே பாத்திரக் கூலாஷ்: மாக்கரோனியைக் கூடவே வேகவிடுவதா, தனியே வேகவைப்பதா?

அமெரிக்காவின் நடுமேற்கு மாநில வீடுகளில் வாரநாள் இரவு உணவாகச் சமைக்கப்படும் கூலாஷுக்கு ஹங்கேரியோடு உள்ள உறவு பெரும்பாலும் பெயரளவில்தான். ஹங்கேரிய மொழியில் ‘குயாஷ்’ என்பது மாடு மேய்ப்பவரைக் குறிக்கும் சொல். அவர்கள் மாட்டிறைச்சித் துண்டுகளையும் வெங்காயத்தையும் வேகவைத்து உண்ட உணவுக்கும் அதுவே பெயராகி, பின்னாளில் அதில் பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூளும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் கூலாஷில் இருப்பவை கொத்துக்கறி, தக்காளி, வளைந்த குழல் போன்ற எல்போ மாக்கரோனி. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஏறத்தாழ இதே உணவை ‘அமெரிக்கன் சாப் சூயி’ என்கிறார்கள்.

இதைச் சமைப்பவர்களிடையே தீராத கேள்வி ஒன்று உண்டு: மாக்கரோனியைக் குழம்பிலேயே போட்டு வேகவிடுவதா, தனியே வேகவைத்து வடித்துக் கடைசியில் சேர்ப்பதா? அன்றே உண்பதற்கு ஒரு விடையும், எடுத்து வைத்து உண்பதற்கு வேறொரு விடையும் இருப்பதைக் கவனிக்காததால்தான் இந்த வாதம் முடிவதில்லை என்பது என் கருத்து.

அன்றே உண்பதானால் ஒரே பாத்திரத்துக்கே என் வாக்கு. 450 கிராம் கொத்துக்கறியை அடிகனமான பாத்திரத்தில் நன்றாகச் சிவக்க வதக்கி, மிகுந்த கொழுப்பை வடித்துவிட்டு, வெங்காயம், பூண்டு, பாப்ரிகா சேர்த்து வதக்கி, தக்காளித் துண்டுகளும் தக்காளிச் சாஸும் தலா 400 கிராம் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பிறகு 450 மில்லி இறைச்சிச் சாறோ வெந்நீரோ விட்டு, 225 கிராம் மாக்கரோனியைச் சேர்த்து மூடி, தீயைக் குறைத்தால் 12 முதல் 15 நிமிடங்களில் வெந்துவிடும். வடிக்கும்போது கழுநீர்த்தொட்டிக்குப் போயிருக்கும் மாவுச்சத்து இங்கே குழம்பிலேயே தங்கி அதைக் கெட்டியாக்குவதோடு, மாக்கரோனியும் வெறும் உப்புநீருக்குப் பதிலாக இறைச்சிச் சாற்றையே உறிஞ்சிக்கொள்கிறது.

இதற்குத் தரவேண்டிய விலை கவனம். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறாவிட்டால் அடிபிடித்துவிடும். தக்காளியின் புளிப்பு மாக்கரோனி வேகும் வேகத்தைக் குறைப்பதால், பொட்டலத்தில் அச்சிட்ட நேரத்தை நம்பவும் முடியாது. ஒன்றைக் கடித்துப் பார்த்து, நடுவில் மெல்லிய கடினம் மிச்சமிருக்கும்போதே அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சரியான பதத்துக்கு வந்து நிற்கும்.

தனியே வேகவைப்பதில் பதம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. மாக்கரோனி குழைந்துவிடுமோ என்ற அச்சமின்றிக் குழம்பை ஒரு மணி நேரம்கூடச் சுண்டவிடலாம். ஆனால் குழம்பு மாக்கரோனியின் மேலே வழுக்கி நிற்கிறதே தவிர, அதனோடு ஒன்றுவதில்லை. வடித்த நீரில் ஒரு கரண்டி சேர்த்தால் இக்குறை ஓரளவு தணியும். வீட்டிலுள்ளோர் வெவ்வேறு நேரங்களில் உண்பவர்களானால் இந்த முறை மிகவும் பொருந்தும்.

எடுத்து வைப்பதென்று வரும்போதுதான் ஒரே பாத்திரம் பின்தங்குகிறது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் முந்தைய இரவு தளதளவென்று இருந்த கூலாஷில் குழம்பையே காண முடியாது. அதைக் குடித்து இரு மடங்காக உப்பிய மாக்கரோனி, டப்பாவின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக நிற்கும். கால் கோப்பை சாறு விட்டுச் சூடாக்கினால் கட்டி இளகும், ஆனால் மாக்கரோனியின் கடிபதம் திரும்பாது. ஃப்ரீசரில் வைத்தாலோ, உள்ளே உருவாகும் பனித்துகள்கள் அதன் கட்டமைப்பைச் சிதைத்து, உருகியதும் கூழாக்கிவிடுகின்றன.

எந்த முறையில் சமைத்தாலும் பாதுகாப்பு விதிகள் ஒன்றே. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும்; உண்ணுமுன் 74 டிகிரி வரை சூடாக்க வேண்டும். குளிர்காலம்தானே என்று பாத்திரத்தை இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே விடுவது ஆபத்து. மாவுப் பண்டங்களில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைப்பவை. அது உமிழும், வாந்தியை உண்டாக்கும் நச்சு மறுநாள் சூடாக்கினாலும் அழியாது.

ஆகவே நான் கைக்கொள்வது இரண்டுக்கும் நடுவான வழி. 900 கிராம் கொத்துக்கறிக்குக் குழம்பு வைத்து, சாறோ மாக்கரோனியோ சேர்ப்பதற்கு முன்பே பாதியை எடுத்து ஆறவைத்து, ஜிப் பைகளில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனாகத் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். மீதிப் பாதியில் மாக்கரோனி வெந்து அன்றைய உணவாகும். சாறு கலக்காத குழம்பு என்பதால் பையும் குறைந்த இடத்தையே அடைக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் மூன்று மாதம் வரை சுவை பெரிதாகக் குறைவதில்லை. வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே பையை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டு, மறுநாள் அதே பாத்திரத்தில் கொதிக்கவைத்து, 450 மில்லி சாறும் பொட்டலத்திலிருந்து நேராக மாக்கரோனியும் சேர்த்தால், தனியே வடிக்கும் வேலை இல்லாமலே புதிதாகச் சமைத்த கூலாஷ் கிடைக்கும். செடார் சீஸைத் துருவிப் பாத்திரத்தில் கலக்காமல், பரிமாறிய கிண்ணத்தின் மேலே தூவிக்கொள்ளலாம்.